கார் ஏர்கோனில் சூடான காற்றா? கோலாலம்பூர் ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செந்தூல், செகாம்புட், பிரிக்பீல்ட்ஸ் என்று பல இடங்களிலிருந்து ஏர்கோன் வேலைக்குக் காரைக் கொண்டுவருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் 32, 33 டிகிரி வெயில் அடிக்கிற ஊர் இது. கைக்குழந்தையையும் வயதான அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஜாமில் நிற்கிறவருக்கு ஏர்கோன் ஆடம்பரம் ஆகாது. என்ன கோளாறு என்று பார்க்காமலே காஸ் மட்டும் நிரப்பி, அடுத்த மாதமே மறுபடி நிரப்பி, கஷ்டப்பட்டுச் சம்பாதித்த வெள்ளியை (ரிங்கிட்டை)த் தொலைக்கிற குடும்பங்களைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஏர்கோன் போட்டா சூடான காத்துதான் வருது. காஸ் முடிஞ்சிருச்சா அண்ணே?

பெட்ரோல் எரிந்து தீரும். ஏர்கோன் காஸ் தீராது. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சருக்குத் தள்ளுகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு, வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளை வழியாக, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் பீய்ச்சப்படும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது; திரவம் கொதித்து ஆவியாகிறது. இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்134ஏ என்னும் காஸ் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்க வேண்டிய வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்வதால்தான் நமக்குக் குளிர்காற்று கிடைக்கிறது. பிறகு அந்த ஆவி மறுபடி கம்ப்ரசருக்கே போகிறது.

இந்தச் சுற்றில் காஸ் செலவாகும் இடம் எதுவும் இல்லை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் தண்டின் சீல் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிதளவு கசியும், அது இயல்பு. போன மாதம் ஜில்லென்று இருந்த கார் இந்த மாதம் சூடாக ஊதினால், ஒன்று எங்கோ ஒழுகுகிறது, அல்லது கோளாறு காஸில் இல்லை. ஃபேன், ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்), கிளட்ச் (கம்ப்ரசரைப் பெல்ட் புல்லியோடு இணைக்கும் தட்டு), வால்வு, சென்சார் என்று வேறு எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைச் சரிசெய்ய சில பத்து வெள்ளி போதும். அதனால்தான் சொல்கிறேன்: ஒழுகலைத் தேடாமல் காஸ் ஊற்ற யாரையும் விடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப் போறதுக்கு முன்னால நானே எதைப் பார்க்கலாம்?

நிறையப் பார்க்கலாம். கருவி வேண்டாம், கண்ணும் காதும் போதும்.

காரை நிழலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பானட்டைத் திறந்து வையுங்கள். இன்ஜினைப் போட்டு, ஒருவரை உள்ளே உட்கார்ந்து ஏசி பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நின்று கேளுங்கள். கிளட்ச் உள்ள கம்ப்ரசராக இருந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பெல்ட் புல்லியின் நடுத்தட்டு புல்லியோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். இன்ஜின் சத்தமும் கொஞ்சம் மாறும். 'டக்' வரவில்லையா? மின்சாரம் கிளட்ச் வரை வரவில்லை, அல்லது வந்தும் கிளட்ச் பிடிக்கவில்லை. ஃபியூஸ் பெட்டியில் ஏசி ஃபியூஸைப் பாருங்கள். ஏசி ரிலேயும் ஹார்ன் ரிலேயும் ஒரே வகையாக இருக்கும் கார்கள் உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் ரிலே கெட்டதா என்று உடனே தெரிந்துவிடும். காஸ் மிகவும் குறைந்திருந்தாலும் பிரஷர் சுவிட்ச் கிளட்ச்சைப் பிடிக்க விடாது. கம்ப்ரசரைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு.

அடுத்தது கண்டன்சர் ஃபேன். ஏசி போட்டதும் அது ஓட வேண்டும், அல்லது சற்று நேரத்தில் ஓடத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது குழாய்கள். டேஷ்போர்டுக்குள் போகும் இடத்தில் ஒரு தடித்த குழாயும் ஒரு மெல்லிய குழாயும் இருக்கும். ஐந்து நிமிடம் ஓடியபின் தடித்தது ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும். மெல்லியது வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்ரசரை விட்டு வெளியே வரும் குழாயோ கைபட்டால் சுடும், அதைத் தொட வேண்டாம். தடித்த குழாய் குளிர்ந்திருந்தும் உள்ளே சூடான காற்று வந்தால், காஸ் சுற்று நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் காற்றைக் கலக்கும் கதவு சிக்கியிருக்கலாம். (நம் நாட்டில் விற்ற பல சிறிய கார்களில் ஹீட்டரே கிடையாது, அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.)

பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள். சேலை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக்கூடாது. இன்ஜின் நின்றிருந்தாலும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும் கார்கள் உண்டு.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம், எப்போது சூடாகிறது என்று கவனித்து வைப்பது. எப்போதுமே சூடா, ஜாமில் மட்டுமா, அரை மணி நேரம் கழித்தா, விட்டு விட்டா? இதைச் சரியாகச் சொல்கிற வாடிக்கையாளர் பாதி வேலையை முடித்துக்கொடுத்துவிடுகிறார்.

ஹைவேயில ஜில்லுன்னு இருக்கு. ஃபெடரல் ஹைவே ஜாம்ல நின்னா சூடாகுது. ஏன்?

கோலாலம்பூரில் அதிகம் பார்க்கும் கோளாறுகளில் இதுவும் ஒன்று. பாதிப் பேர் இதற்குத் தேவையில்லாமல் காஸ் ஊற்றிவிட்டுத்தான் வருகிறார்கள்.

கார் ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்சரைக் குளிர்விக்கும். ஜாலான் துன் ரசாக்கில் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்று கிடையாது. ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஃபேன் மோட்டார் தேய்ந்து வேகம் குறைந்திருந்தால், அல்லது இரண்டு வேகத்தில் ஒன்று மட்டும் வேலை செய்தால், கண்டன்சரில் வெப்பம் தேங்கும். காஸ் திரவமாகாது. உயர் பக்க அழுத்தம், அதாவது கம்ப்ரசரிலிருந்து கண்டன்சர் வழியாக எக்ஸ்பேன்ஷன் வால்வு வரை உள்ள அழுத்தம், எகிறும். கடைசியில் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். ஃபேன் சுற்றுகிறது என்பதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சுற்றினால் போதாது, வேண்டிய வேகத்தில் சுற்ற வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கார் நின்ற இடத்தில் சூடாக ஊதும்போது, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயால் கண்டன்சர் மேல் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் உள்ளே குளிர் திரும்பினால் காஸும் கம்ப்ரசரும் பெரும்பாலும் நலமே. ஃபேன் பலவீனம், அல்லது கண்டன்சர் அடைப்பு. ஃபேன் மோட்டாரிலும் அதன் மின்முனைகளிலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டன்சர் அடைப்பு என்றால் பூச்சி, இலைத்துகள், பிளாஸ்டிக் பை, சாலைப் புழுதி. ரேடியேட்டருக்கும் கண்டன்சருக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் அதிகம் சேரும்; முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. வேகத் தண்ணீர்ப் பம்பால் கழுவினால் மெல்லிய அலுமினிய இதழ்கள் மடங்கிப்போய்க் காற்று போக வழியே இல்லாமல் ஆகிவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும்.

இன்ஜின் சூட்டு முள்ளையும் பாருங்கள். பல கார்களில் இன்ஜின் மிகவும் சூடானால் கணினியே ஏர்கோனை நிறுத்திவிடும். முள்ளும் ஏறுகிறது, ஏர்கோனும் சூடாகிறது என்றால் முதலில் கூலன்ட், ரேடியேட்டர், ஃபேன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அது ஏர்கோனை விடப் பெரிய செலவை முன்கூட்டியே சொல்கிற அறிகுறி.

காலையில வேலைக்குப் போகும்போது நல்லா இருக்கு. அரை மணி நேரம் கழிச்சு சூடாகுது. கொஞ்ச நேரம் நிறுத்திட்டுப் போட்டா திரும்ப குளிருது.

இரண்டு வேறு கோளாறுகள் இதே முகத்தைக் காட்டும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: சூடாகும் நேரத்தில் காற்றின் வேகம் குறைகிறதா என்று பாருங்கள்.

வேகம் அப்படியே இருந்து சூடு மட்டும் வந்தால், கம்ப்ரசர் கிளட்ச் மேல் சந்தேகப்படுங்கள். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையில் பல கம்ப்ரசர்களில் அரை மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி இருக்கும். தேயத் தேய அது கூடும். இன்ஜின் அறை சூடானதும் காந்தச் சுருளின் பலம் குறையும். கூடிய இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க முடியாமல் போகும். ஆறியதும் மறுபடி பிடிக்கும். பல கிளட்ச்களில் உள்ளே இருக்கும் மெல்லிய வளையம் ஒன்றை எடுத்துவிட்டு இடைவெளியைக் குறைத்தாலே போதும். காஸைத் திறக்கவே வேண்டாம். இந்தச் சின்ன வேலைக்குப் பதிலாக முழுக் கம்ப்ரசரையும் மாற்றச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்; அது நியாயமே இல்லை.

காற்றின் வேகமும் படிப்படியாகக் குறைந்து, கடைசியில் காற்று வாய்களில் ஒன்றும் வராமல் போனால், கூலிங் காயிலில் பனி உறைகிறது. பழைய ஃப்ரிட்ஜின் பனிப்பெட்டியில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்வதைப் போலத்தான். நிறுத்தி வைத்தால் பனி உருகி, காருக்கு அடியில் வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் சொட்டும். காயில் உறைநிலைக்கு வரும்போது கம்ப்ரசரை நிறுத்தச் சொல்கிற தெர்மிஸ்டர் கெட்டிருக்கலாம், அல்லது அழுக்கேறிய ஃபில்டரால் காற்றோட்டம் குறைந்திருக்கலாம். காஸ் கொஞ்சம் குறைந்திருந்தாலும் காயிலின் ஒரு பகுதி உறையும்.

சில நிமிடம் குளிர், சில நிமிடம் சூடு என்று மாறி மாறி வந்தால் மூன்றாவது சாத்தியமும் இருக்கிறது. அதைக் கீழே வாக்குவம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

காத்து கம்மியா வருது. ஆனா வர்ற காத்து குளிராத்தான் இருக்கு.

கேபின் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கருவியில்லாமலே கழற்றலாம். புகைமூட்டக் காலத்துக்குப் பிறகு கட்டாயம் பாருங்கள். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் கூலிங் காயிலின் முகத்தில் தூசியும் பூஞ்சையும் படிந்திருக்கலாம். நாலாவது வேகத்தில் மட்டும் ஊதி, ஒன்று, இரண்டு, மூன்றில் ஊதாவிட்டால், காற்று ஊதும் மோட்டாரின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் புளோவர் ரெசிஸ்டர் போயிருக்கிறது. சின்னப் பொருள்தான்.

ஓட்டுநர் பக்கம் சூடு, அந்தப் பக்கம் குளிர். இது எப்படி?

காஸ் குறைந்திருக்கும்போது காயிலின் ஒரு பாதிதான் குளிரும். அதனால் இப்படி ஆகும். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சூடு வைக்கிற கார் என்றால், ஒரு பக்கக் காற்றுக் கதவின் சின்ன மோட்டார் கெட்டிருக்கலாம்.

ஒழுகலை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

நல்ல போர்மன் (மெக்கானிக்) முதலில் எண்ணெய்க் கறையைத் தேடுவார். கம்ப்ரசர் எண்ணெய் காஸோடு கலந்தே சுற்றுகிறது. காஸ் ஒழுகும் இடத்தில் எண்ணெயும் கசிந்து, தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். குழாய் இணைப்புகளின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கல்லடி படும் கண்டன்சரின் கீழ்ப்பகுதி, கம்ப்ரசரின் முன்பக்க சீல், காஸ் நிரப்பும் வாயின் வால்வு ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். அந்த வாயின் பிளாஸ்டிக் மூடி தொலைந்துபோன கார்கள் ஏராளம். மூடி இருந்தால் தூசியும் போகாது, சின்னக் கசிவும் அடங்கும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்புநீர் தடவிப் பார்ப்பது மிகவும் நம்பகமான வழி. புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தை எண்ணெயோடு சேர்த்து, சில நாள் ஓட்டியபின் விளக்கடித்துப் பார்க்கும் முறையும் உண்டு. மின்னணு முகர்வுக் கருவியும் இருக்கிறது. எங்கும் தெரியவில்லை, ஆனாலும் காஸ் குறைகிறது என்றால் பெரும்பாலும் கூலிங் காயில்தான். எப்போதும் ஈரமாக இருக்கும் இடம். அதில் தூசியும் சேர்ந்தால் அலுமினியத்தை மெல்ல அரித்துவிடும். தண்ணீர் வடியும் குழாயின் முனையில் முகர்வுக் கருவியை வைத்துப் பார்த்தால், டேஷ்போர்டைக் கழற்றாமலே ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். டேஷ்போர்டைக் கழற்றும் வேலைக்குச் சம்மதிப்பதற்கு முன் இந்தச் சோதனையை உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

வாக்குவம் எதுக்கு? சில கடையில அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடுறாங்களே.

ஐந்து நிமிடம் போதாது. வாக்குவம் என்றால் காஸ் நிரப்பும் முன் பம்ப் வைத்துக் குழாய்களை உறிஞ்சி வெறுமையாக்குவது. அது காற்றை மட்டும் வெளியேற்றுவதற்கு இல்லை, ஈரத்தையும் போக்கத்தான். உள்ளே இருக்கும் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தின் 25இல் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால், 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் அதை இழுத்து வெளியே தள்ளும். இதற்கு நேரம் பிடிக்கும். அரை மணி நேரமாவது ஓட வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சாதாரணமானதில்லை. மழை நாளில் குழாயைத் திறந்துவைத்து வேலை பார்த்திருந்தால் இன்னும் கூடுதலாக ஓடவிட வேண்டும்.

ஈரம் உள்ளே தங்கினால் இரண்டு கேடு. எக்ஸ்பேன்ஷன் வால்வின் துளையில் அது பனித்துளியாக உறைந்து வழியை அடைக்கும், குளிர் நிற்கும், சற்று நேரத்தில் உருகும், குளிர் திரும்பும். மாறி மாறிக் குளிரும் சூடும் வருவதற்கு மேலே சொன்ன மூன்றாவது காரணம் இதுதான். இரண்டாவது, ஈரம் உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை உள்ளிருந்தே அரிக்கும். இந்த ஈரத்தைப் பிடித்துவைக்கத்தான் ரிசீவர் டிரையர் இருக்கிறது. குழாய்கள் நீண்ட நேரம் திறந்து கிடந்தால் டிரையரையும் மாற்றிவிடுவது நல்லது.

வாக்குவம் போட்டு முள் நகராமல் நின்றால் ஒழுகல் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மை ஆகாது. வாக்குவத்தில் வெளியே இருந்து அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம்தான், 14 அல்லது 15 பிஎஸ்ஐ. ஓடும்போது உயர் பக்கத்தில் இருப்பதோ 200 பிஎஸ்ஐக்கு மேல். சின்ன ஒழுகல் வாக்குவத்தில் ஒளிந்துகொள்ளும்.

காஸ் கொஞ்சம் கூடுதலா போட்டா இன்னும் குளிருமா?

குளிராது. கூடினால் கண்டன்சரில் திரவம் தேங்கி, அழுத்தம் ஏறி, குளிர் குறையும், கம்ப்ரசருக்கும் பாரம். ஒவ்வொரு காருக்கும் எத்தனை கிராம் காஸ் என்று பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் குறைவு. பழையதை உறிஞ்சி எடுத்து, வாக்குவம் போட்டு, தராசில் எடைபோட்டு நிரப்புவதுதான் சரியான முறை.

இன்ஜின் நின்ற நிலையில் அழுத்தம் பார்த்துவிட்டு "காஸ் இருக்கு" என்று சொன்னால் ஏற்காதீர்கள். 30 டிகிரியில் ஆர்134ஏ 95லிருந்து 100 பிஎஸ்ஐ வரை காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை, பாதி காஸ் போயிருந்தாலும் அதே எண்தான். ஓடவிட்டுப் பார்த்தால்தான் கதை தெரியும். நம் வெயிலில் தாழ் பக்கம் (கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசர் வரை) 30லிருந்து 45 பிஎஸ்ஐ, உயர் பக்கம் 200லிருந்து 250 பிஎஸ்ஐ வாக்கில் இருப்பது நலம். இரண்டும் தாழ்ந்திருந்தால் காஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் ஃபேன், கண்டன்சர் அடைப்பு, அல்லது அளவுக்கு மீறிய காஸ். தாழ் பக்கம் பூஜ்யத்தை நோக்கி விழுந்தால் வால்வு அடைப்பு. தாழ் பக்கம் உயர்ந்து உயர் பக்கம் தாழ்ந்து, இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரசருக்குப் பலம் போய்விட்டது.

ஆன்லைன்ல காஸ் கேன் விக்கிறாங்க. நானே ஊத்தலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். எத்தனை கிராம் உள்ளே போனது என்று தெரியாது. ஹோஸில் இருக்கும் காற்றும் சேர்ந்தே போகும். தவறி உயர் பக்கத்தில் மாட்டினால் கேன் வெடிக்கலாம். திரவம் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஒழுகலை அடைக்கும் பசை கலந்த கேன்களைத் தொடவே தொடாதீர்கள். அது வால்வையும் சேர்த்து அடைத்துவிடும், பின்னால் ஒர்க்‌ஷாப்பின் கருவியையும் கெடுக்கும். மலிவு காஸ் என்ற பெயரில் எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் வாயுவும் விற்பனையில் உண்டு. அதற்கென்று வடிவமைக்காத காரில், டேஷ்போர்டுக்குள் அது ஒழுகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பாவோட பழைய சாகா. அதுக்கு வேற காஸாமே?

ஆம். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் அதன் காலத்துக் கார்களும் ஆர்12 காஸில் ஓடியவை. அது ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987 மொன்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகெங்கும் படிப்படியாக நிறுத்தப்பட்டது; 1990களில் கார்கள் ஆர்134ஏவுக்கு மாறின. பழைய காரை மாற்றும்போது காஸை மட்டும் மாற்றினால் கம்ப்ரசர் கெடும். ஆர்12க்குப் போட்ட கனிம எண்ணெய் புதிய காஸோடு கலக்காது. எண்ணெயை வடித்து மாற்றி, ஓ-ரிங், டிரையர், நிரப்பும் வாய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆர்134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்கும் ஆற்றலில் அது கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கும் மேல். காற்றில் திறந்துவிடாமல் கருவியில் உறிஞ்சி எடுக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள். புதிய கார்கள் சிலவற்றில் ஆர்1234ஒய்எஃப் இருக்கும். அதன் விலை அதிகம், நிரப்பும் வாயும் வேறு. ஸ்டிக்கரைப் பார்க்காமல் எதையும் ஊற்ற விடாதீர்கள்.

கம்ப்ரசர் போச்சுன்னு சொல்றாங்க. நம்பலாமா?

கம்ப்ரசர் உண்மையிலேயே கெடும். ஆனால் இந்த முடிவு கடைசியாக வர வேண்டும். ஓடும் நிலையில் இரண்டு பக்க அழுத்தத்தையும் உங்களுக்குக் காட்டினார்களா? கிளட்ச்சுக்கு மின்சாரம் வருகிறதா என்று அளந்தார்களா? கிளட்ச் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டீர்களா? ஏர்கோனை நிறுத்தினாலும் உறுமுகிற சத்தம் பெரும்பாலும் புல்லி பேரிங்தான். ஏர்கோன் போட்டால் மட்டும் தட்டுகிற சத்தம் கேட்டால் கம்ப்ரசருக்கு உள்ளே தேய்மானம்.

உள்ளே உடைந்து உலோகத்தூள் சுற்று முழுவதும் பரவியிருந்தால், புதிய கம்ப்ரசரை மட்டும் மாட்டுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். அதே தூள் புதியதையும் தின்றுவிடும். குழாய்களைக் கழுவ வேண்டும், டிரையரையும் எக்ஸ்பேன்ஷன் வால்வையும் மாற்ற வேண்டும். இன்றைய கண்டன்சர்களின் மயிரிழைத் துளைகளைக் கழுவிச் சுத்தமாக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். அதையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

புதியதா, ரீகோனா (பழுதுபார்த்துப் புதுப்பித்தது), ஹாஃப்கட்டா (வெட்டிப் பிரித்த பழைய காரிலிருந்து எடுத்தது) என்று கேட்பார்கள். கையில் உள்ள பணத்தைப் பொறுத்தது. இன்னும் ஐந்தாறு ஆண்டு ஓட்டப்போகும் காருக்குப் புதியதே என் பரிந்துரை. ஹாஃப்கட் வாங்கினால், மாட்டுவதற்கு முன் அதன் எண்ணெயை வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பாகவோ வெள்ளி மினுமினுப்போடோ இருந்தால் வேண்டாம். வாய்கள் மூடியில்லாமல் கடையில் திறந்து கிடந்ததையும் வாங்காதீர்கள்.

வெள்ளத்துல நின்ன காடி. இப்ப ஏர்கோன் சூடு.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வந்தது போன்ற வெள்ளம் காருக்குள் ஏறினால் புளோவர் மோட்டார், ரெசிஸ்டர், மின் இணைப்பு முனைகள் துரு ஏறும். கண்டன்சர் இதழ்களில் சேறு காய்ந்து இறுகும். கிளட்ச் தட்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். இணைப்பு முனைகளைச் சுத்தம் செய்வதற்கு முன் ஏர்கோனைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

ஹைப்ரிட், மின்சாரக் காடிக்கும் இதேதானா?

குளிர்விக்கும் விதம் ஒன்றுதான், கம்ப்ரசர் வேறு. பெரும்பாலானவற்றில் பெல்ட்டுக்குப் பதிலாக உயர் மின்னழுத்தத்தில் அது ஓடுகிறது. ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாதீர்கள். அந்தக் கம்ப்ரசர்களுக்குப் பெரும்பாலும் மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய்தான். சாதாரண கார்களின் பிஏஜி எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு கெடும். பல மின்சாரக் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே காஸ்தான். ஏர்கோன் சூடாக ஊதுவதோடு சார்ஜ் ஏறுவதும் மெதுவானால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். இந்த வேலையில் பயிற்சி பெற்ற இடத்துக்கு மட்டும் கொண்டுபோங்கள்.

எவ்வளவு குளிர் இருந்தா நல்ல ஏர்கோன்?

சமையலறை வெப்பமானி ஒன்றை டேஷ்போர்டின் நடுக் காற்று வாயில் செருகி, உள்காற்றைச் சுற்றவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் பத்து நிமிடம் பிடியுங்கள். 10 டிகிரி வாக்கிலோ அதற்குக் கீழோ காட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 15க்கு மேல் நின்றால் காட்டுங்கள்.

வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காருக்குள் சூடு 50 டிகிரியைத் தொடும். அதில் ஏறி உடனே "குளிரவில்லை" என்று முடிவு செய்ய வேண்டாம். கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, சூட்டை வெளியே விட்டபின் மூடுங்கள். கண்ணாடியில் டின்டட் (வெயிலைத் தடுக்கும் படலம்) ஒட்டுவதும் உதவும். 2019 விதிப்படி முன் கண்ணாடியில் 70 விழுக்காடும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். வெப்பத்தைத் தடுக்கும் தரம் வேறு, கறுப்பு வேறு. அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒர்க்‌ஷாப்ல என்ன கேட்கணும்?

தமிழ் தெரியாத தவுக்கேயாக (கடை முதலாளியாக) இருந்தாலும் "போச்சோர் டி மானா?" (எங்கே ஒழுகுகிறது?) என்று மலாயில் கேட்டு, ஒழுகும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்பிய காஸ் எத்தனை கிராம், எந்த எண்ணெய், பொருளுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதையெல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பொருளைக் கேளுங்கள். நேர்மையான போர்மன் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். பலர் தாமாகவே காட்டுவார்கள்.

இப்ப கையில பணம் இல்லை. சரி பண்ணாம கொஞ்ச நாள் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஏசி பட்டனை அணைத்துவிட்டு. காஸ் குறைந்த நிலையில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் காஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய் கம்ப்ரசருக்குச் சரியாகத் திரும்பாது, காய்ந்து தேயும். ஒரு ஓ-ரிங்கோடு முடிய வேண்டிய வேலை கம்ப்ரசர் வரை போய்விடும். சில புதிய கார்களில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் இருக்கிறது. பட்டனை அணைத்தாலும் அது இன்ஜினோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அப்படிப்பட்ட காரில் காஸ் முழுவதும் ஒழுகிவிட்டது என்று தெரிந்தால், பணம் சேரும் வரை காத்திருக்காமல் ஒழுகலை மட்டுமாவது உடனே அடைக்கப் பாருங்கள்.